கோலியாத்து விழ மாட்டேங்கிறா

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக்குடியிலிருந்து புதுவயல் வழியாகப் போகிற பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். லுத்தரன் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தப் பயிற்சி எடுக்கிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. இந்த வயதிலும் என் காது மோசமில்லை. மொடமொடவென்று புதுச்சேலை கட்டியிருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

“கோலியாத்து விழ மாட்டேங்கிறாடி.”

“ராட்சசன் விழாட்டி நாடகம் எப்படிடி முடியும்?”

“கவண்கல்லுன்னு தாவீது மூணு தாள் உருண்டைய எறிஞ்சான். நெத்தியிலதான் பட்டுச்சு. இவ அசையலையே! ‘டீச்சர், புதுக் கவுனு அழுக்காயிரும்’ங்கிறா.”

“வேற பிள்ளைய நிப்பாட்டேன்.”

“அவதான் நல்ல உசரம். ஆசையா கேட்டு வாங்குன வேசம், பிடுங்குனா அழுவா.”

“ஐயரு என்ன சொன்னாக?”

போதகரை ஐயர் என்பது அவர்கள் வழக்கம்.

“விழுந்து விழுந்து சிரிச்சாக. ஆனா மார்க்குப் போடல. இன்னைக்கு மறுபடி பாக்க வாராக. இன்னைக்கும் பாடம் முடியலைன்னா அடுத்த வருசந்தான் எனக்கு சர்ட்டிபிகேட்டு.”

“அப்ப என்னதான் செய்யப்போறே?”

“அவ விழலைன்னா நானே கோலியாத்தா நின்னு தொபுக்குன்னு விழுந்துருவேன்.”

புதுவயல் வந்ததும் அவள் விறுவிறுவென்று இறங்கினாள். மற்றவள் சன்னல் வழியே கத்தினாள்.

“ஏய், புதுச்சேலை அழுக்காயிருமேடி!”

அவள் குனிந்து கொசுவத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“அட, ஆமால்ல! பாவம்டி அந்தப் பிள்ளை. அங்குட்டு யாரு வீட்டுலயாச்சும் ஒரு பாய் கேட்டு வாங்கிட்டுப் போறேன்.”