மூணு தடவை சொன்ன மிக்ஸி மூடி

நம்ம சங்கத் தீர்மானத்தை எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி படிச்சிடலாம்ங்க. அதுக்குள்ள ஒரு குட்டிக் கதை இருக்கு... காதை மட்டும் இப்படிக் குடுங்க. செல்போனையும் கொஞ்சம் கீழ வைங்க. ஏன்னா கதையே அதைப் பத்தித்தான்.

நம்ம கோயமுத்தூர்ல நஞ்சப்பன்னு ஒருத்தர். மிக்ஸி செய்யறவர். ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை. அட்டைப்பெட்டி மேல பெருசா ஒரு வாட்ஸ்அப் நம்பரை அடிச்சார். ‘குறையா? உடனே சொல்லுங்க!’ நல்ல யோசனைதானே? நல்ல யோசனைதான்.

அந்த போனைப் பார்த்துக்க பிரதீப்னு ஒரு மேனேஜர். கெட்டிக்காரர். எந்த மெசேஜ் வந்தாலும் ஒரே நிமிஷத்துல பதில் போற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டார்.

அரூர்ல கலாராணின்னு ஒரு அம்மா. அவங்க குரல்லயே அனுப்பறாங்க. “சார், அரைக்கிறப்பவே மூடி கழண்டுக்குது. கொஞ்சம் என்னன்னு பாருங்க.”

நாப்பது செகண்டு. பதில்! ‘வணக்கம்! உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.’ கூடவே ஒரு ரோஜாப்பூ.

நாலு நாள் கழிச்சு மறுபடி. “சார், இன்னைக்கும் கழண்டுக்கிச்சு. பயமா இருக்கு.”

‘வணக்கம்! உங்கள் கருத்து...’ ரோஜாப்பூ.

மூணாவது தடவை அவங்க பேசலீங்க. போட்டோ அனுப்பினாங்க. சூடான தக்காளிச் சட்னி தெறிச்சு, ஒரு கண்ணு வீங்கிப்போய்க் கிடக்கு.

என்ன பதில் போயிருக்கும்? ஆமா... அதேதான். பூவோட.

அந்தம்மா யாரையும் திட்டல. மேல கண்ணு, கீழ பூ. அதை அப்படியே படம் புடிச்சு ஒரு குரூப்ல போட்டாங்க. காலையில பத்து மணிக்குப் போட்டது, மத்தியானம் டிவியில அடியில நியூஸா ஓடுது. சாயங்காலம் நஞ்சப்பனோட குடும்ப குரூப்புக்கே வந்துடுச்சு. மச்சினன் கேக்கறார், “மாமா, இது உங்க மிக்ஸிங்களா?”

கடைக்காரங்க பெட்டி பெட்டியாத் திருப்பி அனுப்பறேங்கறாங்க. தீபாவளிக்கு இருபது நாள். பட்டறையை நம்பி அறுபது குடும்பம் சாப்பிடுது. நஞ்சப்பன் பிரதீப்பைக் கூப்பிட்டார்.

“ஏப்பா பிரதீப், இதென்னப்பா?”

“சார், எல்லாருக்கும் ஒரே நிமிஷத்துல பதில் போயிருக்கு. ஒண்ணு கூட விடல.”

“சரி. அதுல மூடி கழண்டுதுன்னு எத்தனை பேரு?”

“...அதை எண்ணலீங்க சார்.”

எண்ணினாங்க. அறுபத்து மூணு.

நஞ்சப்பன் நேரா பட்டறைக்குள்ள போனார். மூடிக்கு ரப்பர் மாட்டறது ருக்குமணின்னு ஒரு அம்மா. பதினோரு வருஷமா அந்த ஒரே வேலை. மூடி ஏன் கழண்டுக்குதுன்னு அவங்ககிட்டக் கேட்டார்.

“ஏனுங்ணா, ரப்பர் இப்ப மெலிசா வருதுங்க. ரெண்டு மாசமா. சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன், மாட்டுன்னாரு, மாட்டினேன். வீட்டுல கழண்டுக்குதுன்னு எனக்கு யாருங்க சொன்னா?”

பாருங்க... காரணம் இந்தம்மாவுக்குத் தெரியும். விளைவு அந்தம்மாவுக்குத் தெரியும். நடுவுல ஒரு போன். அது பூ குடுத்துட்டு உக்காந்திருக்கு.

விளம்பரக் கம்பெனிக்காரர் வந்தார். “பேப்பர்ல அரைப்பக்கம் போட்டுடலாம் சார். ‘இருபத்தஞ்சு வருட நம்பிக்கை’ன்னு.” நஞ்சப்பன் வேண்டாம்னுட்டார். அரூருக்குப் போன் போட்டார்.

“அம்மா, நான் மிக்ஸிக் கம்பெனி நஞ்சப்பன். கண்ணு எப்படிம்மா இருக்கு?”

“சொட்டு மருந்து போட்டுப் பரவால்லைங்க. புது மிக்ஸியெல்லாம் வேணாம். மூணு தடவை சொன்னேனே, ஒருத்தராவது படிச்சீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

நஞ்சப்பன் மறைக்காம சொன்னார்: “இல்லம்மா. யாரும் படிக்கல.”

அன்னைக்கே மிக்ஸி வாங்கின எல்லாருக்கும் தகவல் போச்சு. ஜாரை ஓட்டாதீங்க, புது ரப்பர் தபால்ல வருதுன்னு. அந்த வருஷ தீபாவளி வியாபாரம் பாதி போச்சு. நஞ்சப்பன் அந்த வாட்ஸ்அப் போனை எடுத்து ருக்குமணி மேசையில வச்சுட்டார்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு மெசேஜ். ‘புது ரப்பர் போட்டும் மூடி ஆடுது.’ ருக்குமணி படிச்சாங்க. கையை நீட்டி பெல்ட்டை நிறுத்திட்டாங்க. மொத்த லைனும் நின்னுபோச்சு.

பிரதீப் ஓடி வர்றார். “அக்கா, முதல்ல பதிலைப் போடுங்க! ஒரு நிமிஷம் தாண்டிடும்!”

“இருங்க சார். என்னன்னு பாத்துட்டுச் சொல்லுவோம்.”

அவ்வளவுதாங்க கதை.

முன்னெல்லாம் நாம பேசுவோம், வாங்கறவங்க கேப்பாங்க. பேப்பர்ல பேசினோம், டிவியில பேசினோம், சுவத்துல எழுதினோம். இப்ப அவங்க பேசறாங்க. மூடி கழண்ட அந்த நிமிஷமே பேசறாங்க. நாம என்ன பண்றோம்? அதுக்கும் விளம்பரத்தையே பதிலாப் போடறோம்.

இங்க முன்னூறு முதலாளிங்க உக்காந்திருக்கீங்க. உங்க பெட்டி மேலயும் ஒரு நம்பர் இருக்கு. அந்தப் போன் யார் கையில இருக்கு? படிச்ச உடனே மெஷினை நிறுத்த அவங்களுக்கு அனுமதி இருக்கா?

இருந்தா சந்தோஷம். இல்லேன்னா, இன்னைக்குப் போனதும் அந்த நம்பரைப் பெட்டியில இருந்து எடுத்துடுங்க. சொல்லுங்க சொல்லுங்கன்னு கூப்பிட்டுட்டு ஒருத்தரும் கேக்காம இருக்கறதுக்கு... கூப்பிடாமலே இருந்துக்கலாம்ங்க.