முற்றுகையில் வாளால் சாகிறவர்கள் குறைவு

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே வராது. கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா.

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு மாடியறையில் ஆட்டம் நடக்கும். மேசைமேல் ஒரு கோட்டையின் வரைபடம், பகடைகள், அவ்வளவுதான். ஆளுக்கொரு வேடம். பேசியே சண்டை போட வேண்டும், பேசியே சாக வேண்டும். தையல்காரர் வில்லாளி. பஸ் ஓட்டும் நெட்டை குதிரைவீரன். என் தங்கையின் கணவர் தளபதி. அடுத்து என்ன நேர்கிறது என்று சொல்லி ஆட்டத்தை நடத்துபவன் நான்.

போர் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நிறையப் படித்திருக்கிறேன். அந்தக் காலத்துப் படைகளில் வாள் கொன்றதைவிட வயிறு கொன்றதே அதிகம். ஆகவே கோட்டைக்குள் தண்ணீரைக் கெடவைத்தேன். குதிரைகளை அறுத்துத் தின்னவைத்தேன். நெட்டை அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மாப்பிள்ளை சிரித்தார். "உங்க போர்ல எதிரி எப்பத்தான் மச்சான் வருவான்? வயித்தால போயே எங்க கதை முடிஞ்சிடும் போலிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தளபதிக்குக் காய்ச்சல் கண்டது. அவர் பகடையை உருட்டினார், தோற்றார்.

"சரி, செத்துட்டேன்னு வச்சுக்கோங்க. டீ இருக்கா?"

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். ஒரு மனிதன் பசியும் தாகமுமாகக் கிடந்து சாகிறான். இவர் டீ கேட்கிறார். அடுத்த மாதத்திலிருந்து தானே ஆட்டத்தை நடத்துவதாகவும், பறக்கும் நாகங்களைக் கொண்டுவருவதாகவும் வேறு சொல்லியிருந்தார். தையல்காரர்கூடத் தலையாட்டிவிட்டார்.

எங்கள் கட்டடத்தின் பின்புறம் ஒரு பழைய தொட்டி. சாக்கடை கசிந்து கலந்ததால் குடிக்கக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை அதிலிருந்து ஒரு குடம் எடுத்தேன். துணியில் இருமுறை வடிகட்டினேன். கண்டதையும் விருந்தாளிக்குக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையைத் தாராளமாகவே போட்டேன்.

மாப்பிள்ளைக்குள் இருந்தது என் தங்கையின் சிறுநீரகம். அறுவை சிகிச்சையன்று வாசலில் காத்திருந்தவன் நான்தான். சின்னக் கிருமிகூட இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொன்னதும் என்னிடம்தான். அன்றிலிருந்து எங்கே போனாலும் வீட்டுத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோவார். அன்றும் கொண்டுவந்திருந்தார். என் டம்ளரைப் பார்த்துத் தயங்கினார்.

"காய்ச்சின தண்ணிதானே மச்சான்?"

"உங்களுக்குன்னே காய்ச்சி ஆற வச்சது, மாப்பிள்ளை."

நல்ல மனிதர். நம்பினார். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கினார்.

தையல்காரரும் நெட்டையும் படுத்து எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை எழவில்லை. தினமும் மருத்துவமனைக்குப் போனேன். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"பயமா இருக்கு மச்சான்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதைத்தான் நான் மேசையில் எத்தனையோ மாதமாகக் கேட்க ஆசைப்பட்டேன். என் கால் ஆடாமல் இருந்தது அந்தச் சற்று நேரம்தான்.

அவர் இறந்த அன்று தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "அவ்வளவு கவனமா இருப்பாரே அண்ணா, எங்க போய் என்னத்தக் குடிச்சாரு?" அவளுக்கு நான் தண்ணீர் கொடுத்தேன். நல்ல தண்ணீர்.

குழாயில் ஏதோ கோளாறு என்று எழுதி நீங்கள் விசாரணையை முடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். நடக்காததை நடந்ததாக எழுதினால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் வந்தேன். தொட்டித் தண்ணீர். நான் எடுத்தது, நான் கலந்தது, தெரிந்தே நான் கொடுத்தது.

ஆனால் வஞ்சம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் யாரையும் குறிவைக்கவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே குடத்திலிருந்துதான் ஊற்றினேன்.

எனக்கு அன்று தாகம் இல்லை.