மூன்றாவது கொக்கி

“ஹலோ... ஹலோ... வினோத்து தம்பியா? அப்பாடி, எடுத்துட்டீகளா! எத்தன தடவதான் அடிக்கிறது... குருவம்மா... ஓவர்லாக் குருவம்மா... ஆமா ஆமா. தம்பி, காலைல கம்பெனி வண்டி எங்கள ஏத்தாமப் போயிருச்சு... சோழபுரம் விலக்குலதான், எப்பவும் நிக்கிற எடத்துல. நானு, இருளம்மாக்கா, சந்தனம், மூணு பேரும் கைய நீட்டுதோம், டிரைவரு ‘பொறவு பொறவு’ன்னு சைகை காட்டிட்டுப் போயிட்டாரு... ஆமா. ரெண்டாவது டிரிப்பு வரும்னு நின்னுக்கிட்டே இருக்கோம், வெயிலு மண்டையப் பொளக்குது... ம்... ம்... என்னது?... ஹலோ?”

குருவம்மாள் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். சிக்னல் கோளாறு என்று நினைத்தாள், பாவம். நல்ல சேதி ஒரு காதிலேயே கேட்டுவிடும், கெட்ட சேதிக்குத்தான் இரண்டு காதும் வேண்டியிருக்கிறது. நைட்டி கம்பெனியின் சூப்பர்வைசர் வினோத் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். ஆனாலும் சூப்பர்வைசர் சூப்பர்வைசர்தான். பேசும்போது தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

காலையில் போன வண்டி நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதில் அவள் மகள் யோகேஸ்வரியும் ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்பில் தையல் தொழிற்கல்விப் பிரிவு. பள்ளிக்கூடமும் கம்பெனியும் கையெழுத்துப் போட்டு, பிள்ளைகள் கம்பெனிக்குள் வந்து வேலை பழகலாம் என்று ஏற்பாடு. இன்றுதான் முதல் நாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யோகேஸ்வரி தாயைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகக் கையாட்டினாள். குருவம்மாளும் ஆட்டினாள். பெற்ற மகள் வேலைக்குப் போகிற அழகைப் பார்த்த சந்தோஷத்தில் வண்டி நிற்காமல் போனதே அவளுக்கு உறைக்கவில்லை. நேற்று வேலை விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு, தையல் லைனில் இருக்கிற பெண்களுக்குக் கொடுக்கப் பால்கோவா வேறு வாங்கி வைத்திருந்தாள்.

“இல்ல தம்பி, எடம் இல்லன்னா பரவால்ல. புள்ளைக மொதல்ல போகட்டும். நாங்க அடுத்த டிரிப்புல... வராதா? ஏன் வராது?... வேலை இல்லயா? இன்னைக்கா?... நாளைக்கு?... திங்கக்கெழம?... தம்பி, வெளங்கும்படியாச் சொல்லுங்க. எப்பதான் வரணும்?... நீங்களே கூப்புடுவீகளா. ம்... கூப்புடுவீக.”

பக்கத்தில் நின்ற இருளம்மாள் முழங்கையால் இடித்தாள்.

“இரு அக்கா, கேக்கேன்ல... தம்பி, ஆர்டரு இல்லயா? நேத்துக்கூட துணி மலை மாதிரிக் கெடந்துச்சே... இருக்கா? அப்ப யாரு தைக்கா?... யாரு?... புள்ளைகளா!”

பால்கோவா மென்றுகொண்டிருந்த இருளம்மாளின் வாய் நின்றுவிட்டது. காத்திருந்த நேரத்தில், ‘எம் மவளுக்கு இன்னைக்கு நல்ல நாளு, வாயத் தெற அக்கா’ என்று குருவம்மாள் ஊட்டிவிட்ட பால்கோவா அது. பாதி மென்றபடி அப்படியே கன்னத்தில் தங்கிவிட்டது.

“தம்பி, அதுக பழக வந்த புள்ளைக. எங்க பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து பாக்கும். பிசிறு வெட்டும், மடிச்சுக் குடுக்கும், பொறவு கொஞ்சம் கொஞ்சமா மெஷினத் தொடும். அப்பிடித்தான சொன்னீக?... எங்க மெஷின்லயே உக்கார வச்சிட்டீகளா?... மூணு லைனும்?... சரி, அதுகளுக்குச் சம்பளம்?... என்னது... சர்டிபிகேட்டா! சர்டிபிகேட்டு குடுக்கீக. ஆமா ஆமா, சர்டிபிகேட்டு. அதத்தான் நாங்களும் ரேசன் கடையில நீட்டி அரிசி வாங்கணும்!”

சொன்னபிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. சற்றுத் தள்ளிப் பாலத்துத் திட்டில் உட்கார்ந்திருந்த சந்தனம் எழுந்துவிட்டாள்.

“இல்ல தம்பி, கோவப்படல. கோவப்பட நாங்க யாரு... கேக்கத்தான செய்யிதேன். இது எப்பிடி நாயமாகும்?... யாரு? யாரு கேட்டா?... நானா?”

அங்கே வினோத் சொன்னது இருளம்மாளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் குருவம்மாள் சட்டென்று அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். அவள் காதில் விழுவதைவிட அது மோசம்.

“ஆமா... கேட்டேன்... நாந்தான் கேட்டேன். இல்லங்கல.”

அவள்தான் கேட்டாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவளும் ஓர் உறுப்பினர். தையல் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு கம்பெனியில் பயிற்சி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கமலவல்லி டீச்சர் ராஜபாளையத்தைச் சுற்றி ஏறாத படி இல்லை. வாட்ச்மேனைத் தாண்டி எந்த இடத்திலும் உள்ளே விடவில்லை. கூட்டத்தில் டீச்சர் கண் கலங்கியதும் குருவம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ‘எங்க மொதலாளிகிட்ட நான் கேக்கேன் டீச்சர்’ என்று எழுந்துவிட்டாள். ஆயுத பூஜை அன்று, பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே முதலாளி முன்னால் போய் நின்றாள். அவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு, எத்தனை மாதம் என்றும் கேட்டார். என்ன ஒரு அக்கறை என்று அன்றைக்கு உருகிப்போனாள். அடுத்த கூட்டத்தில் ஊரே கைதட்டியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதற்குக் கைதட்டல்!

“அது நான் நல்லதுக்குக் கேட்டேன் தம்பி. எம் புள்ள, ஊருப் புள்ளைக, நாலு எழுத்தோட ஒரு தொழிலும் படிக்கட்டும்னு. எங்க வயித்துல அடிச்சுப் படிக்கவா கேட்டேன்?... சிரிக்காதீக தம்பி. சிரிக்காதீக. இருளம்மாக்கா வீட்டுக்காரரு மரத்துல இருந்து விழுந்து வருசக்கணக்கா படுக்கையில கெடக்காரு, ஒங்களுக்குத் தெரியும். சந்தனம் கைப்புள்ளய அவ மாமியாகிட்ட விட்டுட்டு வருதா... அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு. சரிதான். எங்க பாடு எங்களுக்குத்தான... நான் இப்பமே கமலவல்லி டீச்சருக்குப் போனப் போடுதேன். பழகக் கூட்டிட்டுப் போயி வேல வாங்குதாகன்னு சொல்லுதேன்... சொல்லத்தான் போறேன்!... என்ன?... எல்லாத்தையுமா திருப்பி அனுப்புவீக? வண்டியோடயா?... மார்க்கா... பிராக்டிகல் மார்க்கு போயிருமா... எம் மவளுக்கு மட்டும் இல்ல, அம்புட்டுப் பேருக்குமா.”

குருவம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கம்பெனிக்குள்ளிருந்து போன் பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். இந்நேரத்துக்கு மெஷின் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் தும்மினால்கூடக் கேட்காது. இன்றைக்கு அவன் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

“என்ன தம்பி, சத்தத்தையே காணும்? மெஷினு ஓடலயா?... நூலு அறுதா?... எல்லா மெஷினுமா?... ஓகோ! அதான் போன எடுத்தீகளாக்கும். நானும் பாக்கேன், காலைல இருந்து எடுக்காத மனுசன்... மெக்கானிக்கு எங்க?... தளவாய்புரத்துக்கா. சாயங்காலந்தான் வருவாரா... லோடு? லோடு ஏத்துததும் சாயங்காலமா!”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை நேரம் வெயிலில் நின்றதற்கு அந்தச் சிரிப்பு ஒன்றுதான் மிச்சம். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பெண்கள் தைக்கிற லைனில் இருப்பதெல்லாம் திருப்பூரில் யாரோ ஓட்டிக் களைத்துத் தள்ளிவிட்ட பழைய ஓவர்லாக் மெஷின்கள், துணியின் ஓரம் அடிப்பவை. நூல் போகிற வழியில் மூன்றாவது கொக்கி தேய்ந்து தேய்ந்து பிளேடாகிக் கிடக்கிறது. மாற்றித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய், அந்தக் கொக்கியை விட்டுவிட்டு நூலை மாட்டப் பெண்களே பழகிக்கொண்டார்கள். நேற்றுச் சாயங்காலம், பயிற்சித் திறப்பு விழாப் போட்டோவுக்கென்று மெக்கானிக் எல்லா மெஷினையும் துடைத்து, எண்ணெய் விட்டு, நூலை முறைப்படி எல்லாக் கொக்கியிலும் மாட்டி வைத்திருக்க வேண்டும். போட்டோவில் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

“அது என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும் தம்பி. போனுல சொல்ல ஏலாது. கையால தொட்டுப் பாத்தாத்தான்... நானா?... டிரெயினரா?... அதென்ன, புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கவா... தெனமும்?... ம்... நான் மட்டுமா?”

‘நான் மட்டுமா’ என்பதை அவள் மெதுவாகத்தான் கேட்டாள். பொய் சொல்லக் கூடாது, ஒரு கணம் ஆசை வந்தது. மகளோடு ஒரே வண்டியில் போகலாம், மகள் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? திரும்பினால் இருளம்மாள் நேரே எதிரில் நிற்கிறாள். கன்னத்தில் இன்னும் அந்தப் பால்கோவா உருண்டை.

“தம்பி... வாரேன். ஆனா ஒரு பேச்சு. நான் மட்டும் வர மாட்டேன். மூணு பேரும் வருவோம். எங்க மெஷின்ல நாங்க உக்காருவோம். புள்ளைக பக்கத்துல உக்காந்து பழகட்டும், நானே சொல்லித்தாரேன், ஒழுங்காச் சொல்லித்தாரேன்... எங்க மூணு பேருக்கு மட்டும் இல்ல, நிப்பாட்டுன அம்புட்டுப் பேருக்கும் வேல வேணும்... அது ஒங்க பாடு, மொதலாளி பாடு. இல்லையா, மெக்கானிக்கு வார வரைக்கும் நூல அறுத்துக்கிட்டே இருங்க. எனக்கென்ன... ஆமா. கேளுங்க. மொதலாளிகிட்ட இப்பமே கேளுங்க. லைன்லயே இருக்கேன்.”

இருளம்மாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உருண்டை தொண்டைக்குள் இறங்கியது. சந்தனம் ஓடிப்போய் மூன்று தூக்குச்சட்டிகளையும் எடுத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று, பஸ் வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் பேரம் பேசி ஜெயித்திராத குருவம்மாளுக்குப் பெருமையாக இருந்தது.

“சொல்லுங்க தம்பி... கேக்கப் போறீகளா, சரி... யாரு? யோகேஸ்வரியா? குடுங்க குடுங்க, அது வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கேன்... யோகு! எப்பிடிட்டி இருக்கு கம்பெனி?... ஏட்டி, ஏன் அழுத?... யாரு திட்டுனா, அந்த வினோத்தா?... நூலு அறுதுன்னா அதுக்கு நீ என்ன செய்வ. கழுத, அழாத... என்னது? ஊசியா? கையிலயா? காட்டு... எங்கிட்டுக் காட்டுவ, போனுல... ரொம்ப ரத்தமா? வாயில வச்சு உறிஞ்சு... ஊசி முறிஞ்சு தெறிச்சுச்சா? எங்க?... கண்ணுகிட்டயா!”

நூல் அறுந்தால் புதுக் கை பதறிப்போய்த் துணியை இழுக்கும். இழுத்தால் ஊசி வளையும். வளைந்த ஊசி மோதி முறிந்தால் எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை அப்படித் தெறித்துத்தான் கட்டிங் மேஜையில் இருந்த ஒரு பெண்ணுக்கு இமை கிழிந்தது.

“நிறுத்துட்டி. மெஷின விட்டு எந்திரி... எந்திரிச்சா வைவாரா?... போட்டுக்கிட்டே இருக்கச் சொல்லுதாரா... நீ எந்த மெஷின்ல இருக்க?... ஜன்னல் பக்கத்துல... பலகையில சின்னதா ஆண்டாள் படம் ஒட்டியிருக்கா... ம்... ம். அது நல்ல மெஷினு யோகு. அது நல்ல மெஷினுதான்.”

அது அவள் மெஷின். குருவம்மாள் கொக்கி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். இருளம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இருவருக்கும் தெரியும், கையில் இருப்பது அந்த ஒரு பிடிதான். அதை விட்டால் போச்சு. போனுக்குள் யோகேஸ்வரி மறுபடி மெஷினை மிதிக்கிற சத்தம் வந்தது. டடக்கென்று நின்றது. ஒரு சின்ன ‘ஆ’.

இருளம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் இரண்டு பெற்றவள்.

“ஏட்டி யோகு, போனத் தோள்ல இடுக்கிக்கிட்டு நான் சொல்லுதத மட்டும் செய்யி. மிதிகட்ட மேல இருந்து கால எடு. எடுத்துட்டியா?... நூலு மேல இருந்து வருதுல்ல, மொதக் கொக்கி... ரெண்டாவது... மூணாவது கொக்கியில இருந்து நூல உருவிரு. ஆமா, உருவிரு. அதுல மாட்டாத. நேரா அடுத்ததுல கொண்டாந்து மாட்டு... மாட்டிட்டியா? ஊசிய மாத்திட்டாரா, புது ஊசியா?... சரி, இப்ப மெதுவா மிதி. மெதுவா. துணிய இழுக்காத, அதுவாப் போகும்...”

சத்தம் வந்தது. முதலில் தடுமாறி, பிறகு சீராக. அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பாள்.

“அறுகலயா?... எந் தங்கம். சரி, பக்கத்துல யாரு? மாதவியா? அதுக்கும் சொல்லு. எல்லாப் புள்ளைகளுக்கும் சொல்லு, மூணாவதுல மாட்டாதீகன்னு. எல்லாப் புள்ளைக கண்ணும் கண்ணுதான... சொல்லுட்டி, நான் இருக்கேன்.”

போனுக்குள் ஒரு மெஷின் இரண்டாயிற்று, நாலாயிற்று. லைன் முழுக்க எழுந்தது. பழைய இரைச்சல்.

“யோகு... யோகு, கேக்குதா?... வினோத்து தம்பியா? தம்பி, மொதலாளி என்ன சொன்னாக?... கேக்கலயா இன்னும்? இப்பமே கேக்கேன்னு போனீகளே... சத்தமாப் பேசுங்க, மெஷினு சத்தத்துல ஒண்ணும் வெளங்கல... தேங்க்ஸா? எதுக்குத் தேங்க்ஸு... தம்பி, மூணு பேரும் பஸ்ஸுக்கு நிக்கோம், கெளம்பவா?... தம்பி?... ஹலோ... ஹலோ...”

போன் காதிலேயே இருந்தது. எதிர்ப்பக்கம் ஆள் இல்லை.

ரோட்டில் கம்பெனி வழியாகப் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்துகொண்டிருந்தது. சந்தனம் மூன்று தூக்குச்சட்டிகளையும் ஒரு கையில் அள்ளிக்கொண்டு, மறுகையை வீசி வீசிக் காட்டி அதை நிறுத்திவிட்டாள். கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று படியைத் தட்டினார்.

“போகச் சொல்லு சந்தனம்,” என்றாள் குருவம்மாள். “மெஷினு ஓடுது.”