கண்ணியம் கருதி

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார். டீக்கடைப் பக்கம் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

என் தொழிலைக் கேட்டீர்கள். கம்பெனிகளுக்கு நல்ல பேர் வாங்கித் தருவது. கெட்டுப்போனால் ஒட்டுப்போட்டுத் தருவது. படித்தது சென்னையில். கற்றது பேகம்பூரில், அத்தாவின் தோல் மண்டியில். "ஏலே அமீனு, வெலய நீ சொல்லாத. வந்தவன் வாயால சொல்ல வையி. தான் சொன்னத எவனும் மாத்திப் பேசமாட்டான்" என்பார்.

மார்ச் மாதம், மரியராஜின் தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி ஸ்டீபன்ராஜ் விஷவாயு தாக்கி இறந்துபோனார். சாயங்காலமே மரியராஜ் கூப்பிட்டார். "பாய், ஷாப்ப மூடிருவாங்க. ஏதாச்சும் எழுதுங்க." கம்பெனி பேரில் ஓர் அறிக்கை எழுதினேன். வருத்தம், இரண்டு பாராட்டு, கடைசியில் ஒரு வரி: 'குடும்பத்தின் கண்ணியம் கருதி, அன்று அவர் இருந்த நிலையைப் பற்றிப் பேச விரும்பவில்லை.' அவ்வளவுதான். நிருபர்கள் கேட்டபோது, "பாவம், விடுங்கண்ணே" என்றேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருவர் என்னிடமே சொன்னார்: "ஃபுல் போதையாம்ல. தடுமாறி உள்ள விழுந்துட்டானாம்." பிரேதப் பரிசோதனை முடிவு வர மாதக்கணக்காகும். பேச்சுக்கு அரை நாள் போதும்.

அவர் மனைவி ஜோஸ்பின் என் அலுவலகத்துக்கே வந்தார். அந்த வரி யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நன்றாக எழுதுவேன் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "பாய், அவரு கோயில்ல சத்தியம் பண்ணி ஆறு வருசமா தொட்டதில்ல. துக்கம் கேக்க வந்த ஃபாதரே, 'விட்டுட்டான்னுல்ல நெனச்சேன்'ங்குறாரு. எம்மக பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. அவரு குடிக்கலன்னு ஊருக்குச் சொல்லுங்க."

மறுப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதுவரை நாலு டீக்கடையில் இருந்த பேச்சு, மறுத்தால் நிலக்கோட்டைப் பூ வண்டியிலும் ஏறும். தெரிந்தேதான் எழுதினேன்: 'என் கணவர் ஸ்டீபன்ராஜ் குடிகாரர் அல்ல.' ஜோஸ்பினே கையெழுத்துப் போட்டார். போட்டோவோடு எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போனது. அதன்பிறகு தொட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாட்டிலைப் பற்றியே பேசினார்கள். மூடியிருந்த ஷாப் பத்தாம் நாள் திறந்தது.

அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகும்போது ஜோஸ்பின், "நீங்க ஒருத்தராச்சும் நம்புனீங்களே பாய்" என்றார்.

இந்தக் காகிதத்தைப் பாருங்கள். சாவதற்கு மூன்று வாரம் முன்பு, வாயு தாங்க முடியவில்லை, முகமூடி வேண்டும் என்று ஸ்டீபன்ராஜ் எழுதிக் கொடுத்தது. "பத்திரமா வைங்க" என்று மரியராஜ் தந்தார். ஜோஸ்பின் எதிரே அழுதுகொண்டிருந்தபோது இது என் மேசை இழுப்பறையில், என் முழங்காலை ஒட்டி இருந்தது.

போன வாரம் ஜோஸ்பின் தன் மகளிடம் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு முறுக்கைக்கூட உடைக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள் சார்: அந்த மறுப்பில் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை.