ரிமோட்டை வென்றவர்

பம்மலிலிருந்து தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோவில், எதிரே இருந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியிடம் சொன்னார்: "வீட்டுக்காரருக்குப் புது டேப்லெட் வாங்கிக் குடுத்து டிவியை ஜெயிச்சுட்டேன்க்கா."

"அதுல அவரு என்னடி பண்ணுவாரு?"

"நியூஸ்ல நாலு பேரு கத்துறதைப் பார்ப்பாரு. ஹெட்போனும் சேர்த்தே குடுத்துட்டேன். சாயந்திரமானா ரிமோட்டை விடவே மாட்டாரே, நேத்து அவரே என் கையில குடுத்தாரு."

தினமும் அதே கத்தலைப் பார்க்கிற நான், முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சந்தேகம் வரலையா?"

"எங்க? ராத்திரி சீரியல் ஓடுறப்ப பக்கத்துல வந்து, 'எனக்காக இவ்ளோ யோசிச்சிருக்கியே'ன்னு கண்ணு கலங்கிட்டாரு."

"அடப்பாவமே. நீ?"

"நான் அதுக்கு முன்னாடியே அழுதுட்டு இருந்தேன்க்கா. சீரியல்ல பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புற சீன். என் கண்ணீரைப் பார்த்துத்தான் அவருக்கும் வந்துச்சு."