கடைசி வீட்டுக் கஞ்சி

தேரிக்காட்டுச் செம்மணலு பனைமரத்துக்கு இடுப்பளவு ஏறிக் கெடந்த காலம். அந்தக் காலத்துல சூசைவிளை, சூசைவிளைன்னு ஒரு ஊரு. ஊருக்கு நடுவுல மாதா கோயிலு. கோயிலுக்கு மேக்க மேலத்தெரு, கெழக்க கீழத்தெரு. கோயிலு ஒண்ணுதான், மாதாவும் ஒண்ணுதான். ஆனா மேலத்தெருக்காரன் முட்டுப் போடுத எடத்துல கீழத்தெருக்காரன் முட்டுப் போட முடியாது. அப்படி ஒரு காலம். அதையும் சொல்லித்தான ஆவணும்.

கோயிலை ஒட்டி ஒரு கன்னியாஸ்திரி மடம். தலைமையம்மா ஒருத்தவிய, வயசானவிய. அவியளுக்குக் கீழ ரெண்டு பேரு. மூத்தவ வியாகுலம். எங்க தாத்தாவுக்குக் கூடப்பொறந்த அக்கா, மேலத்தெருப் பொண்ணு. எளையவ செலஸ்தீன். கடக்கரைப் பக்கத்துல இருந்து வந்தவ. வியாகுலத்துக்குக் குரலு கணீர்னு இருக்கும். அவ ஜெபமாலை சொன்னா ஊரு முழுக்கக் கேக்கும்பாவ. செலஸ்தீனுக்குக் குரலே கெடையாது. ஆனா சிரிப்பு உண்டு. சிரிச்சா சனம் அப்படியே மயங்கிரும்.

அங்கதான் பிடிச்சுது வியாகுலத்துக்கு.

நான் மறைக்கப் போறதில்ல, கேளுங்க. அவ தங்கம், அவ புனிதைன்னு சாமியாரு பிரசங்கத்துல சொல்லுவாவ. சொல்லட்டும். நான் அவ ரத்தம், நான் சொல்லுதேன், அவ பொறாமைக்காரி. சனம் செலஸ்தீனை 'அம்மா'ன்னு கூப்பிடும். வியாகுலத்தை 'மடத்தம்மா'ன்னு கூப்பிடும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்குதியளா? மடத்தம்மான்னா மடத்துக்குள்ளவ. அம்மான்னா நமக்குள்ளவ. அந்த ஒரு வார்த்தைக்கு அவ மனசு கெடந்து வெந்துச்சாம்.

சீமைச் சண்டை, அதான் மொத உலகப் போரு, முடியப் போற சமயம், விஷக்காய்ச்சல் வந்துது. காலைல பனையேறுனவன் சாயங்காலம் பாயில. பாயில படுத்தவன் மறுநாளு குழியில. கூட்டம் கூடப்படாதுன்னு கோயிலை அடைச்சாச்சு. சாமியாரு வேற ஊருக்குப் போன எடத்துல படுத்துட்டாவ. தலைமையம்மாவும் படுத்துட்டாவ. கண்ண மூடுததுக்கு முன்னால ரெண்டு பேரையும் கூப்பிட்டாவளாம்.

"ஏட்டி, ஒருத்தி சாமி முன்னால இருந்து ஜெபத்தை விடாம சொல்லணும். ஒருத்தி சனத்துக்குக் கஞ்சி கொண்டு போவணும். ரெண்டுல எது நின்னாலும் இந்த மடம் இல்ல, கேட்டியளா? வியாகுலம், குரலு இருக்குதவ நீ, ஜெபத்துக்கு இரி. செலஸ்தீன், நீ கஞ்சிக்குப் போ."

போச்சா! வியாகுலம் மடத்துக்குள்ளயே சாமி முன்னால முட்டுப் போட்டா. செலஸ்தீன் கஞ்சியத் தூக்குனா. ஜன்னலு வழியா சத்தம் வரும்: "அம்மா வந்துட்டாவ! எங்க அம்மா வந்துட்டாவ!" வியாகுலத்துக்கு ஜெபமாலை மணி கையில சுடுமாம். வாய் ஜெபம் சொல்லும், வயிறு எரியும். வாய் ஜெபம் சொல்லும், வயிறு எரியும்.

ஒரு நாளு விடிஞ்சும் விடியாம, செலஸ்தீன் கெணத்தடியில நிக்குத நேரம் பாத்து, அடுக்களைக்குள்ள போனா வியாகுலம். கஞ்சியோட ரெண்டு பாத்திரம் இருந்துது. ஒண்ணு மண்பானை, ஒண்ணு பெரிய பித்தளைத் தவலை. 'அவ மண்பானையத் தூக்கட்டும், நான் பித்தளையத் தூக்குதேன், ஆரு பெரியவன்னு சனம் பாக்கட்டும்'னு தவலைய எடுத்து இடுப்புல வச்சா. வச்சு நேரா கீழத்தெருவுக்கு நடந்தா.

அவளுக்கு ஒரு விசயம் தெரியாது. தவலை மேலத்தெருவுக்கு, பானை கீழத்தெருவுக்கு. மேலத்தெருத் தலைவரு தொம்மைக்கண்ணுதான் மடத்துக்கு அரிசி குடுத்துட்டு இருந்தாவ. "எங்க அரிசி வேணும்னா தவலையும் பானையும் கலக்கப்படாது. கீழத்தெரு வீட்டுக்குள்ள காலு வைக்கப்படாது. தெருமுனையில பானைய வச்சிரணும், வேணும்னவன் வந்து வாங்கட்டும்"னு செலஸ்தீன்கிட்ட சொல்லிருந்தாவ. அரிசி நின்னா ரெண்டு தெருவும் பட்டினின்னு அவளும் தலைய ஆட்டிட்டா. இதெல்லாம் சாமி முன்னால இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

தெருமுனை வந்ததும் அங்க நின்ன சந்தியாகம்மான்னு ஒருத்தி சொன்னாளாம்: "மடத்தம்மா, இங்கன வச்சிருங்க. அம்மா இங்கனதான் வைப்பாவ."

"அவ இங்கன வச்சா நான் உள்ள போறேன். வழிய விடு!"

அப்பதான் நெனப்பு வந்துது, சாமி முன்னால ஆளு இல்லைன்னு. ஜெபம் நின்னுட்டே! பயந்து போயி நடந்துக்கிட்டே ஜெபமாலை சொல்ல ஆரம்பிச்சா. கணீர்னு சொன்னா. பாதிய இவ சொல்லுவா, மறுபாதிய வீட்டுக்குள்ள கெடக்குதவிய சொல்லுவாவ. சத்தம் வந்தா வாசல்ல ஊத்திட்டு அடுத்த வீடு. சத்தம் வந்தா அடுத்த வீடு. ஒரு வீட்டுல சத்தமே வரல. திருப்பிச் சொன்னா. வரல. உள்ள போனா.

உள்ள ஒரு கெழவி, ஒதடு வெடிச்சுக் கெடக்கா. எந்திரிக்க மாட்டாம, தெருமுனைக்குப் போவ மாட்டாம, கஞ்சி ஊருக்குள்ள வந்த நாள்ல இருந்து ஒரு சொட்டு அவ வாய்க்கு வரல. வியாகுலம் தலையத் தூக்கி மடியில வச்சு ஊத்துனா.

"ஆரு? செலஸ்தீன் அம்மாவா?"ன்னு கேட்டாளாம் கெழவி.

எப்படி இருக்கும் இவளுக்கு? "இல்ல ஆத்தா. நான் வியாகுலம்."

"ஆரா இருந்தா என்ன, இன்னும் ஒரு மடக்கு ஊத்து தாயி."

அந்தக் கோவத்துலயே மத்த வீடெல்லாம் போனா. சத்தம் வராத வீட்டுக்குள்ள எல்லாம் போனா. போவப் போவ அழுதுட்டே போனாளாம். தெருவ முடிச்சு வெளிய வரும்போது சந்தியாகம்மா கத்துனா: "அம்மா போறாவ! எங்க வியாகுலத்தம்மா போறாவ!"

மடத்துக்குத் திரும்புனா, சாமி முன்னால செலஸ்தீன் முட்டுப் போட்டு, இல்லாத குரல்ல ஜெபம் சொல்லிட்டு இருக்கா. கீழத்தெருச் சத்தம் அவ காதுலயும் விழுந்துருக்கு. மூஞ்சில சிரிப்பைக் காணும். அதைப் பாத்ததும் வியாகுலத்துக்கு என்ன சந்தோசம்ங்க! சத்தியமா சந்தோசம். அவளே பொறவு சொன்னாளாம், அந்தப் பாவத்தை மட்டும் பாவசங்கீர்த்தனத்துல சொல்ல மனசு வரலைன்னு.

தொம்மைக்கண்ணு வந்து நின்னாவ வாசல்ல. "மடத்தம்மா! அந்தத் தவலை இனி எங்க தெருவுக்குள்ள வராது. அரிசியும் இங்க வராது."

செலஸ்தீன் கையெடுத்துக் கும்பிட்டா. "அய்யா, அக்கா தெரியாம எடுத்துட்டாவ..."

"நீ சும்மா கெட!"ன்னா வியாகுலம். "தெரியாமத்தான் எடுத்தேன். இனி தெரிஞ்சே எடுப்பேன். மொதல்ல கீழத்தெருவுக்கு, பொறவு மேலத்தெருவுக்கு, ஒரே தவலை. ஒம்ம அரிசிய நீரே வச்சுக்கிடும்."

அரிசி நின்னுது. கீழத்தெருப் பொம்பளைய கம்பு கொண்டாந்தாவ, கருப்பட்டி கொண்டாந்தாவ. கஞ்சி நிக்கல. செலஸ்தீனும் விடுவாளா? 'அக்கா உள்ள போனா நான் போவ மாட்டனா'ன்னு அவளும் உள்ள போக ஆரம்பிச்சா. ஒருத்தி போனா ஒருத்தி சாமி முன்னால. மறுநாளு மாத்தி. எந்த வீட்டுல எவ எத்தனை பேரைத் தேத்துனான்னு ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள போட்டி. அந்தப் போட்டியிலதான் ஊரு பொழைச்சுது.

காய்ச்சலு மேலத்தெருவை விடுமா? தொம்மைக்கண்ணு வீட்டுல பொஞ்சாதி படுத்துட்டாவ. வெந்நி வைக்க ஆளு இல்ல. சொம்பைத் தூக்கிட்டு மடத்து வாசல்ல வந்து நிக்காவ, தலையக் குனிஞ்சுக்கிட்டு. வியாகுலம் சொம்பை வாங்கல.

"வீட்டுக்கே வாரோம். கீழத்தெரு முடிச்சு, மேலத்தெரு முடிச்சு, கடைசி வீடு ஒம்ம வீடு."

சொன்ன மாதிரியே போனா. அந்தக் கடைசி வீட்டுக்கு மட்டும் செலஸ்தீனை விடவே மாட்டா. செலஸ்தீன் முறையா இருந்தாலும் இவதான் போவா. தன்னை அதட்டுன வீட்டுல, தன் கையால, அந்தத் தவலையில இருந்தே ஊத்தணும். அப்படி ஒரு வைராக்கியம்.

பொறவு அவளே படுத்தா. செலஸ்தீன் ரெண்டு தெருவுக்கும் ஒத்தையில போயிட்டு வந்து, வேர்வை வழிய பக்கத்துல உக்காந்தா. வியாகுலம் கண்ணத் தொறந்தா.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் அக்கா."

"கடைசி வீடும்?"

"கடைசி வீட்டுக்கும் குடுத்துட்டேன் அக்கா."

வியாகுலம் மூஞ்சியச் சொவரு பக்கம் திருப்பிக்கிட்டாளாம். "எனக்குன்னு அந்த ஒரு வீட்டையாவது விட்டு வைக்கக் கூடாதாட்டி?" அதுதான் அவ கடைசியாப் பேசுனது. ஜெபம் சொல்லிட்டே செத்தான்னு எழுதி வச்சிருக்காவ. இல்ல. பொறாமைப்பட்டுட்டே செத்தா.

மறுநாளு செலஸ்தீன் ஒவ்வொரு வீடா வந்தா. தொம்மைக்கண்ணு வீட்டு வாசல்ல தவலைய எறக்கி வச்சா. உள்ள அவரு பொஞ்சாதி கஞ்சிக்குக் காத்துக் கெடக்காவ. செலஸ்தீன் நகரல. "இது அக்கா வீடு. நான் போவ மாட்டேன்"னு மணல்ல உக்காந்து அழுதா.

கூடவே தண்ணிக் கொடத்தோட வந்தவ சந்தியாகம்மா. கீழத்தெருக்காரி. அந்த வாசப்படிய மிதிக்காதவ, அவ அம்மாவும் மிதிச்சதில்ல. கொடத்தை வச்சா. தவலைய எடுத்து இடுப்புல வச்சா. நடந்தா. தொம்மைக்கண்ணு வாசல்ல நிக்காவ. அவளைப் பாத்தாவ, தவலையப் பாத்தாவ. ஒதுங்கி வழி விட்டாவ.

அதுல இருந்துதான் இந்த வழக்கம். மாதா திருநாள் அசனத்தன்னிக்கு, ஊருக்கே விருந்து போடுத நாள்ல, கஞ்சி கீழத்தெருவுல இருந்து கெளம்பும். மடத்துச் சிஸ்டருமாரு கடைசி வீட்டு வாசல்ல தவலைய எறக்கிட்டு, "இது அக்கா வீடு"ன்னு ஒதுங்கிருவாவ. கீழத்தெருப் பொண்ணு ஒருத்திதான் உள்ள கொண்டு போவணும். மேலத்தெருக்காரி தொடப்படாது, அவ எவளா இருந்தாலும் சரி.

வியாகுலம் எங்க ரத்தம். எங்க வீட்டுல பொறந்து, எங்க கெணத்துத் தண்ணி குடிச்சு வளந்தவ. அந்தத் தவலைய ஒரே ஒரு தடவை தூக்கிட்டுப் போவணும்னு எனக்குச் சின்ன வயசுல இருந்து ஆசை. நடக்காது. நாளைக்கு அசனத்துலயும் கீழத்தெருப் பிள்ளை ஒருத்தி பூ வச்சுப் பட்டுடுத்தி அந்தப் படியேறுவா. நான் கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்துட்டு இருப்பேன். வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும்.