அடுத்த வியாழக்கிழமைப் பத்திரிகை

— வாசல்லயே மறிச்சு நின்னா எப்படி, லூஷியஸ்? விடிஞ்சதுல இருந்து தொரை வீட்டு அடுப்படியில நின்ன காலு. வழிய விடு.

— முதல்ல சொல்லு ஒடெஸ்ஸா. பத்திரிகை வந்துச்சா?

— வியாழக்கிழமைன்னா வரத்தான செய்யும். வந்துச்சு.

— தொரை கண்ணுல படறதுக்குள்ள அந்தப் பக்கத்தை உருவிடுன்னு காலையில தலைபாடா அடிச்சுக்கிட்டேனே.

— என் பேருக்கு நான் எதுக்கு ஒளியணும்? மிசிசிப்பிச் சட்டமே அதுதான. ஓட்டுரிமைக்கு மனு கொடுத்தா ரெண்டு வாரம் பத்திரிகையில பேரைப் போடுவான். தெரிஞ்சுதான் கொடுத்தேன்.

— நாம குடியிருக்கிற இதுவும் தொரை வீடு. நான் ஓட்டுறது தொரை டிராக்டர். பக்கத்துக் குடிசை டெல்மாரு பேரு பத்திரிகையில வந்த மறுநாளே சட்டிபானையெல்லாம் ரோட்டுல கிடந்துச்சு. நமக்கு நாலு புள்ளைங்க, நான் சொல்றதக் கேளு.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— ஓட்டு ஆபீஸ் குமாஸ்தா அந்தப் பரீட்சையில உன்னைப் பாஸ் பண்ணவா போறான்?

— மாட்டான். அரசியல் சட்டத்துல ஒரு பத்தியைக் காட்டி அர்த்தம் எழுதுன்னான். ஒரு பக்கம் எழுதினேன். எனக்குப் பின்னாடி வந்த வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்டான், போயிட்டான்.

— அப்புறம் எதுக்குப் போன?

— இந்த ஜில்லாவுல பத்துக்கு ஏழு பேரு கறுப்பவங்க. ஷெரிஃப் யாரு? ஜட்ஜ் யாரு? ஓட்டு இல்லாதவன் கோர்ட்டுல தீர்ப்புச் சொல்ற ஜூரியில உக்கார முடியாது. என் தம்பியை உள்ள தள்ளின பன்னெண்டு பேர்ல நம்மாளு ஒருத்தன் இருந்தானா?

— மெதுவாப் பேசு, ஜன்னல் தொறந்திருக்கு. தொரை படிச்சிட்டாரா, அதை மட்டும் சொல்லு.

— படிக்கல. அந்தப் பக்கத்தை அடுப்புல போட்டுட்டேன்.

— அப்பாடா. அவ்வளவு வீறாப்பு பேசிட்டு, கடைசியில நான் சொன்னதைத்தான செஞ்ச?

— எனக்காகச் செய்யல. என் பேரு அடுத்த வாரம்தான் வரும். இதுல வேற ஒருத்தர் பேரு இருந்துச்சு.

— யாரு பேரு?

— டிராக்டர் பெல்ட் வாங்க டவுனுக்குப் போறேன்னு போன வாரம் சொல்லிட்டுப் போனாரே, அவரு.

— ஒடெஸ்ஸா... மனு கொடுத்தப்ப, போனா என் வேலை மட்டும் போகட்டும்னு நெனச்சேன். நீயும் போய்க் கொடுப்பேன்னு அப்போ தெரியாது.

— ஒரு வாரம் இருக்கு, சட்டிபானையைக் கட்டு. அடுத்த வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல வருவோம். தொரை காப்பிக்குப் பக்கத்துல அதை நானே விரிச்சு வைக்கப்போறேன்.